பிரிந்திசி: குறை ஊரிலா, துறையிலா?

இத்தாலியின் குதிகாலில், அத்ரியாத்திக் கடலோரம் இருக்கிறது பிரிந்திசி. அங்கிருந்து கிரேக்கத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் இரண்டு தலைமுறையாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் டிக்கெட் தரகர்கள் மொய்த்தார்கள். பகல் முழுக்க வெயிலில் காத்துக் கிடந்தோம். இரவில் ஒருவழியாகக் கப்பல் கிளம்பியது. ஊரில் பார்க்க ஒன்றுமில்லை. இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வது பொய்யாக இருக்காது என்பது ஒரு கட்சி. ஒரே ஒரு பகலை, அதுவும் மூட்டை முடிச்சோடு கழித்துவிட்டுச் சொல்வதை ஓர் ஊரைப் பற்றிய சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனாலேயே இரண்டையும் பிரித்து எடைபோட வேண்டியிருக்கிறது.

எடைக்கல் எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தங்கிப் பார்க்கிற ஊருக்கான அளவுகோலைக் கடந்துபோகிற ஊரின்மேல் வைக்கக் கூடாது. ஃபிளாரன்ஸிடம் கேட்கும் கேள்வியை பிரிந்திசியிடம் கேட்டால் அது எடுத்த எடுப்பிலேயே தோற்றுவிடும். கடவுத்துறை ஒன்றிடம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. தரைப் பயணமும் கடல் பயணமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா? பயணியிடம் வாங்கும் காசு நேர்மையாக வாங்கப்படுகிறதா? இடையில் விழும் காத்திருப்பு நேரம் யார் வசம் இருக்கிறது? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பிரிந்திசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஊரைப் பார்க்காமல் கடந்துபோவது நேற்று தொடங்கிய வழக்கம் அல்ல. ரோமிலிருந்து தெற்கே வரும் ஆப்பியா நெடுஞ்சாலை இங்கே முடிந்தது. கிழக்கே போகும் ரோமானியப் படையும் வணிகரும் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். கி.மு. 37 வாக்கில் கவிஞர் ஹோரேஸ் ரோமிலிருந்து பிரிந்திசிவரை வந்த பயணத்தைக் கவிதையாக்கினார். வழியில் கண்ட சத்திரம், கொசு, கெட்ட தண்ணீர், நல்ல ரொட்டி எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பிரிந்திசிக்கு மட்டும் இல்லை. ஊர்ப்பெயர் வந்ததும் கவிதை முடிந்துவிடுகிறது. கி.மு. 19-ல் கிரேக்கத்திலிருந்து நோயோடு திரும்பிய வர்ஜில் இங்கேதான் இறந்தார். அவருக்கும் இது சேர வேண்டிய ஊர் அல்ல, வழியில் நேர்ந்த ஊர்தான். துறைமுகத்தைப் பார்த்தபடி படிக்கட்டின் உச்சியில் நிற்கும் ரோமானியத் தூண் முன்பு இரட்டைத் தூணாக இருந்தது. 1528-ல் ஒன்று சாய்ந்தது. அதன் துண்டுகள் பின்னர் பக்கத்து ஊரான லெச்சேவுக்குப் போய், அங்கே புனிதர் ஒரோன்சோவின் சிலையைத் தாங்குகின்றன. ஊருக்கு வந்தவர்கள்தான் அடுத்த ஊருக்குப் போனார்கள் என்றில்லை, ஊரின் அடையாளச் சின்னத்தில் பாதியும் போய்விட்டது.

நவீன காலத்தில் மூன்று வகைப் பயணிகளின் அனுபவம் நம்முன் சாட்சியமாக இருக்கிறது. முதலாவது, இந்தியத் தபாலோடு வந்தவர்கள்.

1865-ல் ரயில் பிரிந்திசியை எட்டியது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870-ல் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்க, மார்செய் வழியாகப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் தபாலுக்கு மாற்று வழி தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் செனீ சுரங்கப்பாதை திறந்ததும் அந்த மாற்று வழியே நிலையான வழியாயிற்று. வெள்ளி இரவு லண்டனில் கிளம்பிய தபால் ஞாயிறு இரவு வாக்கில் பிரிந்திசி வந்து, காத்து நின்ற பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பலில் ஏறியது. பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்கும் வந்து சேர்ந்த சீமைத் தபால், ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் இந்தத் துறையைத் தொட்டுத்தான் வந்தது. 1898-ல் பிரிந்திசிக்கும் போர்ட் சைதுக்கும் இடையே ஓடுவதற்கென்றே ஐசிஸ், ஒசைரிஸ் என்ற இரண்டு சிறிய வேகக் கப்பல்களை அந்தக் கம்பெனி கட்டியது. சுமார் இரண்டே நாளில் எகிப்து.

முதல் கேள்விக்கு இந்தக் காலம் முழு மதிப்பெண் வாங்குகிறது. ரயிலின் நேரமும் கப்பலின் நேரமும் ஒரே கணக்கில் அமைந்தவை. தபால் வந்து சேராமல் கப்பல் நகராது. இரண்டாவது கேள்வி எழவே இல்லை, ஏனென்றால் டிக்கெட் லண்டனிலேயே வாங்கப்பட்டது. மூன்றாவதில்தான் சிக்கல் தெரிகிறது. காத்திருப்பே இல்லாததால் ஊருக்கும் பயணிக்கும் உறவே ஏற்படவில்லை. ஜூல் வெர்ன் 1873-ல் நூலாக்கிய எண்பது நாள் உலகப் பயணக் கதையில் பிரிந்திசி கால அட்டவணையின் ஒரு வரி. நாயகன் ஃபாக் அங்கே இறங்கி எதையும் பார்ப்பதில்லை. துறைமுக முகப்பில் அந்தப் பயணிகளுக்காக ஒரு பெரிய ஹோட்டல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. 1914-ல் போர் வந்து தபால் வழி மூடியபோது அந்த ஹோட்டலையும் கப்பல்மேடையையும் தவிர ஊருக்கு மிஞ்சியது அதிகமில்லை. சீரான கடவு பயணிக்கு வசதி. ஊருக்கு அதனால் லாபமும் இல்லை, நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை.

இந்த வழிக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. வட்டமேஜை மாநாடு முடிந்து ஊர் திரும்பிய காந்தி, 1931 டிசம்பர் 14 அன்று பிரிந்திசியில்தான் பில்ஸ்னா கப்பல் ஏறினார். 28 அன்று பம்பாயில் இறங்கிய ஒரு வாரத்துக்குள் கைதானார். அவருடைய பயணக் கதையில் ரோமில் கழிந்த பொழுதுகளுக்குப் பக்கங்கள் இருக்கின்றன. பிரிந்திசி கிளம்பிய இடமாக மட்டும் வருகிறது.

இரண்டாவது சாட்சிகள்தான் ஊரின் பெயரைக் கெடுத்தவர்கள்: ரயில் பாஸ் இளைஞர்கள். யூரெயில் பாஸ் 1959-லும் இன்டர்ரெயில் பாஸ் 1972-லும் வந்தன. பிரிந்திசியிலிருந்து கோர்ஃபு, இகுமெனிட்சா வழியாகப் பத்ராஸ் போகும் குறிப்பிட்ட இரண்டு கம்பெனிக் கப்பல்களில் அப்போது இந்தப் பாஸ் செல்லும். டெக் பயணத்துக்குக் காசு கிடையாது. துறைமுக வரியும், கோடைக்காலமானால் ஒரு கூடுதல் கட்டணமும் கட்டினால் போதும். முதுகில் பையும் பையில் கொஞ்சம் பணமும் வைத்திருந்த ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் கோடைதோறும் அலையலையாக வந்து இறங்கினார்கள். 1991-ல் யுகோஸ்லாவியாவில் போர் மூண்டு கிரேக்கத்துக்கான தரைவழி அறுந்தபோது கூட்டம் இன்னும் பெருத்தது.

அவர்கள் நடந்த தெருவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் புகாரின் வேர் புலப்படும். இரவு ரயில் காலையில் வந்து நிற்கும். ஸ்டேஷன் வாசலிலிருந்து கோர்சோ உம்பெர்தோ என்ற கடைத்தெரு கடலை நோக்கிப் போகிறது. கைரோலி சதுக்கத்து நீரூற்றைத் தாண்டினால் அதன் தொடர்ச்சியாகக் கோர்சோ கரிபால்தி. அது முடியும் இடத்தில் பழைய துறைமுக நிலையம். மொத்தம் ஒரு கிலோமீட்டர்தான். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் கப்பல் படம் ஒட்டிய ஏஜென்சிக் கண்ணாடிகள் வரிசையாக நின்றன. பாஸ் செல்லுபடியாகும் கப்பல் கம்பெனிகளின் சொந்த அலுவலகங்களோ தெருவின் கடைசியில், கடலுக்குப் பக்கத்தில். ஆக, உண்மையான கவுன்ட்டரை அடையுமுன் பயணி எல்லாத் தரகர்களையும் கடந்தாக வேண்டும். வாசலில் நிற்பவர் நான்கு மொழியில் பேசுவார். உங்கள் பாஸுக்கான கப்பல் இன்று நிறைந்துவிட்டது என்பார். இன்று அது ஓடாது என்பார். எங்கள் கப்பல் சீக்கிரம் போய்ச் சேரும் என்பார். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்தவர் அந்த இடத்திலேயே காசைக் கொடுத்துவிடுவார். தெருமுனைக்குப் போன பிறகுதான், பாஸ் கப்பலில் இடம் தாராளமாக இருப்பது தெரியவரும்.

இதோடு முடிந்ததா? கப்பல் கிளம்புவது இரவு எட்டு மணிக்கு மேல். அதற்கு முன் டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும், துறைமுக போலீசிடம் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். நடுவில் தென் இத்தாலிய வழக்கப்படி மதியம் ஒன்றிலிருந்து மாலை ஐந்து வரை கடைகள் அடைத்துக் கிடக்கும். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், சுமையை வைக்க இடமில்லாத பயணிக்கு மொத்த ஊரும் கதவைச் சாத்திக்கொண்டது போலத் தெரியும். வழிகாட்டி நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்றாக இந்தக் காட்சியையே எழுதி வைத்தன: உஷார், ஏமாறாதீர்கள், கிடைத்த முதல் கப்பலில் கிளம்பிவிடுங்கள்.

இந்தச் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்வது? தரகர்களைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கலாம். ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே தந்திரத்தை ஒரே தெருவில் கண்டிருக்கிறார்கள். நூலைப் பார்த்து நூல் எழுதப்பட்டதால் புகாரின் ஒலி கூடியிருக்கலாம், ஆனால் புகார் கற்பனை அல்ல. இரண்டாவது கேள்வியில் பிரிந்திசி தோற்றது. முதல் கேள்வியிலும் தோற்றது, ஏனென்றால் காலை ரயிலுக்கும் இரவுக் கப்பலுக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரப் பள்ளம் விழ விட்டது. அந்தப் பள்ளம்தான் தரகரின் முதலீடு. ரயில் மாலையில் வந்து கப்பலோடு பொருந்தியிருந்தால் இவ்வளவு பேரை இவ்வளவு நிதானமாக வளைத்திருக்க முடியாது.

ஆனால் ஊரில் ஒன்றுமில்லை என்ற பகுதி சாட்சியமே அல்ல, ஊகம். அந்தத் தெருவை விட்டு ஐந்து நிமிடம் விலகியவர்கள் குறைவு. அவர்கள் போகாத இடங்களில் சிலுவைப்போர்க் காலத்து வட்ட வடிவக் கோயிலான சான் ஜொவானி அல் செபோல்க்ரோ இருக்கிறது. உள்துறைமுகத்தைச் சில நிமிடங்களில் கடக்கும் மோட்டார் படகு இருக்கிறது. அதில் ஏறி எதிர்க்கரைக்குப் போனால் 1933-ல் திறந்த மாலுமிகள் நினைவுச்சின்னம், கப்பல் சுக்கானின் வடிவில் 53 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால், இரு கரமாகப் பிரிந்து ஊரை அணைத்துக்கொள்ளும் அந்த இயற்கைத் துறைமுகம் ரோமானியருக்கு ஏன் தேவைப்பட்டது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். இவற்றைக் காண அரைநாள் போதும். பாஸ் இளைஞர்களிடம் அரைநாள் இருந்தது. சுமையை வைக்க நம்பகமான இடமும், டிக்கெட் உறுதி என்ற நிம்மதியும்தான் இல்லை. நேரம் அவர்களுடையது, ஆனால் அவர்கள் வசம் இல்லை. ரோமையும் ஃபிளாரன்ஸையும் பார்த்துவிட்டு, கிரேக்கத் தீவுகளை நினைத்துக்கொண்டு வந்த கண்ணுக்கு நடுவில் வரும் எந்த ஊரும் மங்கலாகத்தான் தெரியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கெட்ட பெயர்தான் பிரிந்திசியைக் கவிழ்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் முழு உண்மை அல்ல. 1995-ல் வடக்கே இருக்கும் அங்கோனாவிலிருந்து பத்ராஸுக்கு அதிவேகக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. வடக்கேயிருந்து வருபவர் தீபகற்பத்தின் அடிவரை ரயிலில் இறங்கி வர வேண்டிய அவசியம் குறைந்தது. பாரித் துறைமுகமும் போட்டிக்கு வந்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனை நின்று கப்பல்களின் பக்க வருமானம் போயிற்று. மலிவு விலை விமானங்கள் நேரே தீவுகளிலேயே இறக்கிவிட்டன. தரகர்கள் ஒழுக்க சீலர்களாக இருந்திருந்தாலும் அந்தக் கூட்டம் கரைந்துதான் போயிருக்கும்.

மூன்றாவது சாட்சிகளைப் பயணக் கட்டுரைகள் கணக்கில் எடுப்பதே இல்லை, ஏனென்றால் அவர்கள் டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள். 1991 மார்ச் 7-ஐ ஒட்டிய ஓரிரு நாள்களில், கம்யூனிச ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த அல்பேனியாவிலிருந்து சுமார் 27,000 பேர், தளத்தில் கால் வைக்க இடமில்லாத கப்பல்களில் பிரிந்திசி வந்து சேர்ந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குக் குறைவு. முதலில் தயங்கிய அதிகாரிகள் பிறகு இறங்க விட்டார்கள், ஆனால் அரசு இயந்திரம் நிலைமையைக் கையில் எடுக்க நாள்கள் பிடித்தன. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஊர் மக்கள். பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாயின. வீட்டில் சமைத்த உணவும் பழைய கோட்டுகளும் போர்வைகளும் தெருவுக்கு வந்தன. நனைந்தவர்களை வீட்டுக்கே அழைத்துப்போய்க் குளிக்கவைத்துச் சோறு போட்ட குடும்பங்கள் ஏராளம். எந்த ஊர் முன்பு கதவைச் சாத்திக்கொண்டது போலத் தெரிந்ததோ, அதே ஊர்தான் இது.

இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 20,000 பேரை ஏற்றிக்கொண்டு வந்த வ்லோரா என்ற கப்பல் முதலில் பிரிந்திசியை நோக்கித்தான் வந்தது. அதிகாரிகள் பேசி அதை பாரிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாரியில் அவர்கள் விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டு, பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1997 மார்ச்சில் ஓத்ராந்தோ நீரிணையில் அல்பேனியர் வந்த படகு ஒன்று இத்தாலியக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விருந்தோம்பல் ஊருடையது, கொள்கை அரசுடையது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. தரகர் தெருவின் பழியை ஊர்மேல் போடக் கூடாது என்றால், மார்ச் மாதத்தின் பெருமையை அரசுக்குக் கொடுப்பதும் தகாது.

இன்றைய நிலைக்கு வருவோம். கிரேக்கத்துக்கும் அல்பேனியாவுக்கும் போகும் கப்பல்கள் இப்போது பழைய துறையிலிருந்து கிளம்புவதில்லை. ஊருக்கு வெளியே, பல ஆண்டுகள் மின்நிலையத்துக்கு நிலக்கரி இறங்கிய கோஸ்தா மொரேனாவுக்கு இடம் மாறிவிட்டன. டிக்கெட்டை முன்கூட்டியே எங்கிருந்தும் வாங்கிவிடலாம். தரகர் தெருவுக்கு வேலையில்லை. கிரேக்கம் 2000-ல் ஷெங்கன் ஏற்பாட்டில் முழுமையாகச் சேர்ந்ததால் கிரேக்கம் போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு வரிசையும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ரயிலில் வந்து நடந்தே கப்பல் ஏறக்கூடிய துறையாக இருந்தது, லாரிக்கும் காருக்குமான துறையாகிவிட்டது. வண்டியில்லாத பயணி ஸ்டேஷனில் இறங்கிப் பேருந்தோ டாக்சியோ பிடித்து, வேலிக்கும் கன்டெய்னருக்கும் நடுவே இருக்கும் செக்-இன் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காரில் வருபவருக்கு ஊர் கண்ணிலேயே படாது. ஏமாற்றும் கையை வெட்டப்போய், வரவேற்கக்கூடிய கையையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

இன்றைய பயணிகளில் பெரும்பகுதி விடுமுறைக்கு ஊர் திரும்பும் அல்பேனியரும், கிரேக்கம், பல்கேரியா, துருக்கி பக்கத்து லாரி ஓட்டுநர்களும். இவர்களில் யாரும் பயணக் கட்டுரை எழுதுவதில்லை. 2022 பிப்ரவரியில் இகுமெனிட்சாவிலிருந்து பிரிந்திசிக்கு வந்துகொண்டிருந்த கப்பல் கோர்ஃபு அருகே தீப்பிடித்தது. இறந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். கப்பலில் படுக்க ஒழுங்கான இடம் கிடைக்காமல் ஓட்டுநர்கள் லாரிக்குள்ளேயே தூங்க நேர்கிறது என்ற குறை அதன்பிறகு உரக்கப் பேசப்பட்டது. டிக்கெட் தரகரிடம் சில லீரா இழந்த மாணவனின் புகார் நூல்களில் ஏறி நிலைத்துவிட்டது. ஓட்டுநரின் புகார் விபத்து நடந்த பிறகே காதில் விழுந்தது. எழுதத் தெரிந்தவரின் அசௌகரியம் எழுதாதவரின் ஆபத்தைவிடப் பெரிதாகத் தோன்றும் இந்தக் கோணலைச் சரிசெய்யாமல் எந்தத் துறைமுகத்தைப் பற்றியும் நேர்மையான தீர்ப்பு எழுத முடியாது.

என் தீர்ப்பு இதுதான். பயணிகளின் குற்றச்சாட்டு நிலைக்கிறது. ஆனால் அவர்கள் கூண்டில் ஏற்றியது தவறான ஆளை. 1970-கள் முதல் 1990-கள் வரை பிரிந்திசி துறை தன் கடமையில் தவறியது, அதுவும் தவிர்த்திருக்கக்கூடிய விதத்தில். ரயில் நேரத்தையும் கப்பல் நேரத்தையும் இணைக்க ஆள் இல்லை. ஸ்டேஷன் வாசலிலேயே உண்மை சொல்லும் ஒரு கவுன்ட்டர் இருந்திருந்தால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள். பிரிந்திசி ஊரோ, சோதிக்கப்பட்ட ஒரே பெரிய சோதனையில், கையில் எந்த ஏற்பாடும் இல்லாமலே தேறியது. பயணியின் காத்திருப்பு நேரம் கம்பெனியின் வசம் இருந்தபோது வசதி கிடைத்தது, தரகர் வசம் போனபோது கொள்ளை நடந்தது, ஊர் மக்கள் வசம் வந்தபோது மனிதம் வெளிப்பட்டது. இப்போது அது வேலி போட்ட துறைமுகக் கூடத்தின் வசம் இருக்கிறது. கொள்ளை இல்லை, மனிதமும் இல்லை.

கப்பலுக்கு அரைநாள் இருக்கிறவர் பழைய நூல்களின் எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு ஊருக்குள் போகலாம், காரணம் இருக்கிறது. துறையை நடத்துகிறவர்களுக்கு அத்தனை சலுகை காட்ட முடியாது. ஸ்டேஷனிலிருந்து கோஸ்தா மொரேனாவுக்குக் கப்பல் நேரத்தோடு பொருந்தி ஓடும் பேருந்தும், சுமையை நம்பி வைக்க ஓரிடமும், லாரி ஓட்டுநர் கப்பலில் கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டிலும் உறுதியாகும்வரை அவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான்.